பத்துக்கு மேல் தெரியாது

திண்டுக்கல்,
8 ஜனவரி 2025

இயேசு மரி சூசை துணை.

ஜானட்டுக்கு வியாகுலம்மாள் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் சண்டைக்கு வருகிறது. அங்கே நீயும் என் தம்பி ஜார்ஜும் பிள்ளை ஜெரியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

கிறிஸ்துமஸ் அன்று நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டாய். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் பேச்சைப் பள்ளி இன்ஸ்பெக்டர்கூட நடுவில் வெட்டியதில்லை. ஆகையால் இனி உன்னோடு தபாலில்தான் பேச்சு. தபாலைக் கிழிக்கலாம், ஆனால் கிழிப்பதற்குள் படித்திருப்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜெரிக்கு ஒன்பது வயது முடிந்துவிட்டது. இன்னும் இரண்டாம் வகுப்புப் பாடத்திலேயே திணறுகிறான். இங்கே மலையடிவாரத்தில் கன்னியாஸ்திரீகள் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே ஒரு விடுதிப் பள்ளி நடத்துகிறார்கள். ஜூனில் ஒரு இடம் காலியாகிறது. அவன் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீயே வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கப்போவதாக அன்று போனில் கத்தினாய். பத்தாவதில் கணக்குப் பாடத்தில் தப்பிப் பிழைத்தவள் நீ. எதைச் சொல்லிக்கொடுப்பாய்? பார்சலில் வல்லாரை லேகியமும் மூளை வளர்ச்சிக்கான பட அட்டைக் கட்டு ஒன்றும் அனுப்பியிருக்கிறேன். ஜூன் வரைக்கும் அதையாவது செய்.

அன்புடன்,
வியாகுலம்மாள்

*

ராயபுரம்,
19 ஜனவரி 2025

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

தோத்திரம். இங்கே மூன்று பேரும் சௌக்கியம். உங்கள் முழங்கால் குணமாக ஜெபிக்கிறேன். மற்ற விஷயங்களுக்கு ஜெபித்துப் பலனில்லை என்று பதினோரு வருஷத்தில் தெரிந்துகொண்டேன்.

பார்சல் வந்தது. லேகியத்தை ஜெரி என் புடவையிலேயே துப்பினான். வீணாகக்கூடாது என்று இப்போது உங்கள் தம்பி சாப்பிடுகிறார். இதுவரை அவரிடம் ஒரு முன்னேற்றமும் தெரியவில்லை. படக்கட்டில் ஒரு பனிக்கரடி, ஒரு இக்ளூ வீடு, ஒரு பியானோ. எங்கள் தெருவில் இந்த மூன்றும் கிடையாது. அச்சடித்தவனுக்கு மூளை வளர்ந்த பிறகு வேறு கட்டு அனுப்புங்கள்.

நான் என்ன செய்கிறேன் என்றால், முறத்தில் ஸ்பூன், சாவி, சோப்பு, தீப்பெட்டி வைத்து அவனைப் பார்க்கச் சொல்வேன். கண்ணை மூடச் சொல்லி ஒன்றை எடுத்துவிடுவேன். எது காணோம் என்று சொல்லவேண்டும். முதல் வாரம், "எல்லாம் கீது" என்றான். இப்போது சோப்பைச் சரியாகச் சொல்கிறான். கீழே ஜஹானாரா அக்கா கடைக்கு இரண்டு சாமான் சொல்லி அனுப்புகிறேன். எழுதிக் கொடுப்பதில்லை. ஒன்றோடு திரும்பி வந்தால் திட்டாமல் மறுபடி அனுப்புகிறேன்.

அவனுக்குப் புத்தி மெதுவாக வேலை செய்கிறது. வேலையே செய்யாத ஆட்கள் எங்கள் பங்குக் கோயிலில் எத்தனையோ பேர் மாலை மரியாதையோடு இருக்கிறார்கள். என் பிள்ளையை எங்கும் அனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
ஜானட்

*

திண்டுக்கல்,
3 பிப்ரவரி 2025

இயேசு மரி சூசை துணை.

ஜானட்டுக்கு, சுகம். சுகம் விசாரிக்கிறேன்.

முறமும் சோப்பும். வலை பின்னும் காசிமேட்டு மூளையிலிருந்து வேறென்ன வரும்? எங்கள் குடும்பம் மூன்று தலைமுறை ரயில்வே. உன்னை ஜார்ஜ் கட்டிக்கொண்டு வந்தபோது அப்பா மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்தான் அவரைச் சமாதானம் செய்து சாப்பிட வைத்தேன். இப்போது அதற்கு வருந்துகிறேன்.

நான் நியாயம் தெரியாதவள் இல்லை. என் பழைய மாணவி ஒருத்தி அண்ணாநகரில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பரிசோதிக்கிறாள். மார்ச் இரண்டாம் வாரம் ஜெரியை அழைத்துப்போ. மூன்று வேலையை ஒரே மூச்சில் சொன்னால் செய்யவேண்டும். ஐம்பது வரை எண்ணவேண்டும். வீட்டிலேயே இருக்கலாம் என்று அவள் எழுதிக் கொடுத்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். இல்லையென்றால் ஜூனில் அவன் இங்கே வருவான்.

ஒன்று கேட்கவேண்டும். ஜார்ஜ் பிள்ளையோடு உட்கார்ந்து ஏதாவது சொல்லிக்கொடுக்கிறானா?

வியாகுலம்மாள்

*

ராயபுரம்,
22 பிப்ரவரி 2025

அண்ணிக்கு, நலம். உங்கள் நலமும் அப்படியே இருக்கட்டும்.

அண்ணாநகர் மேடத்திடம் போகிறோம். பயமில்லை. செருப்பை உள்ளே வை, கையைக் கழுவு, தட்டை எடு என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் செய்கிறான். சில நாள் தட்டைக் கழுவிவிட்டுக் கையை உள்ளே வைக்கப் பார்க்கிறான், ஆனால் மூன்றும் நினைவில் இருக்கிறது. எண்ணுவதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். ஐம்பது மணியைத் தவறாமல் எண்ணிவிடுகிறான். எப்படி என்று கேட்காதீர்கள், அதற்கும் ஒரு குறை வைத்திருப்பீர்கள்.

உங்கள் தம்பியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வருகிற மனுஷனை வந்ததும் வராததுமாகப் பாடம் நடத்தச் சொல்ல முடியுமா? வந்து டீ குடிப்பார், டிவி போடுவார். பேச்சு குறைவு. ஆனால் பிள்ளைமேல் உயிர், வெளியே காட்டத் தெரியாத ஆள். நீங்கள் போன் செய்த நாளெல்லாம் அவர் முகம் கறுத்துவிடுகிறது. உங்கள் பேச்சால் அவரைக் குழப்பாமல் இருந்தால் அதுவே பெரிய உபகாரம்.

ஜானட்

*

திண்டுக்கல்,
18 மார்ச் 2025

இயேசு மரி சூசை துணை.

ஜானட்டுக்கு,

தவக்காலத்தில் ஒருவரைக் குத்திக்காட்டக்கூடாது. அதனால் பரிசோதனை முடிவை அப்படியே எழுதுகிறேன். "மூன்று கட்டளைகளைப் பின்பற்றுகிறான். பத்துக்கு மேல் எண்ணத் தெரியாது. பத்து முடிந்ததும் சம்பந்தமில்லாமல் முணுமுணுக்கிறான். பொருட்களை வாயில் வைக்கிறான். விடுதிப் பயிற்சி பரிந்துரைக்கப்படுகிறது."

ஐம்பது என்றாய். என்னிடம் பொய் சொன்ன பெற்றோர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் நேரில் வந்து, கண்ணைப் பார்த்துச் சொல்வார்கள். உனக்கு அந்தத் தைரியமும் இல்லை, தபால் தலை ஒட்டிப் பொய் சொல்கிறாய்.

ஜூன் முதல் வாரம் அவனை அழைத்து வா. இரண்டு போர்வை, தட்டு, டம்ளர், பெயர் தைத்த துணிகள் போதும்.

வியாகுலம்மாள்

*

ராயபுரம்,
25 மார்ச் 2025

அண்ணிக்கு,

உங்கள் மாணவியை நீங்கள் எந்த வகுப்பில் பாஸ் போட்டீர்கள் என்று தெரியவில்லை. போடாமல் இருந்திருக்கலாம்.

என்னைக் கண்ணாடிக்கு வெளியே உட்கார வைத்தாள். உள்ளே ஐம்பது பட்டனைக் கொட்டி எண்ணச் சொன்னாள். ஜெரி பத்து எண்ணினான். நிறுத்தி, தலையைக் குனிந்து, "பிதாவுக்கும் சுதனுக்கும்" சொன்னான். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தான். பத்து வந்ததும் மறுபடி தலை குனிந்தான். இப்படியே ஒரு பட்டன் விடாமல் ஐந்து தடவை. கடைசிப் பட்டனை எடுத்து முத்தம் கொடுத்தான். அதைத்தான் அவள் வாயில் வைக்கிறான் என்று எழுதியிருக்கிறாள்.

வெளியே வந்து என்னிடம் சொன்னான், "சாமிக்கு முத்தம் குட்த்தேம்மா. அந்த ஆன்ட்டி பட்டனப் புட்ங்கிகிச்சி." ரயில் ஏறி ராயபுரம் இறங்கும் வரைக்கும் நான் அழுதேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் பெயர்களைப் படித்துக்கொண்டு வந்தான்.

ஆமாம், ஜெபமாலையில்தான் எண்ணச் சொல்லிக்கொடுத்தேன். காகிதத்தில் எண்ணைக் காட்டினால் ஓடிவிடுகிறான், மணியை உருட்டச் சொன்னால் உட்காருகிறான். தினமும் சாயங்காலம் வீட்டில் ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை சொல்கிறோம், பத்து மணிக்கு ஒரு தடவை தலை குனிந்து பிதாவுக்கும் சுதனுக்கும் சொல்வோம், கடைசியில் சிலுவைக்கு முத்தம் கொடுப்போம், அவனுக்கு அது பழக்கம். எண்ணிக்கை வந்தது, கூடவே ஜெபமும் வந்துவிட்டது. சிரித்துக்கொள்ளுங்கள்.

ஜானட்

*

திண்டுக்கல்,
1 ஏப்ரல் 2025

ஜானட்டுக்கு,

நான் சிரிக்கவில்லை.

மூடப்பெண்ணே, அவன் ஐம்பதும் எண்ணியிருக்கிறான். பத்துப் பத்தாகக் கட்டி எண்ணியிருக்கிறான். கட்டின கட்டு எத்தனை என்று சொல்ல மட்டும் நீ கற்றுக்கொடுக்கவில்லை. ஒன்றும் தெரியாதவன் இருபத்து மூன்றிலோ முப்பத்தொன்றிலோ எங்கேயாவது நின்றிருப்பான். மாணவியிடம் பேசினேன். அவள் சர்ச் பக்கம் போகாதவள், அவளுக்குப் புரியவில்லை. திருத்தி எழுதித் தரச் சொன்னேன், யோசிக்கிறேன் என்றாள். யோசிக்கவும் அவளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

இனி எண்ணுவதற்கு ஜெபமாலையை எடுக்காதே. சிலுவை இல்லாத ஒரு சரம் கட்டு. பத்துக்கு ஒரு நிறம். ஒவ்வொரு நிறம் முடியும்போதும் "ஒரு பத்து", "இரண்டு பத்து" என்று அவன் வாயால் சொல்லவேண்டும். ஜெபம் ஜெபநேரத்தில் இருக்கட்டும்.

விடுதி இடத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

வியாகுலம்மாள்

*

ராயபுரம்,
21 ஏப்ரல் 2025

அண்ணிக்கு,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்து. எங்கள் வீட்டில் எல்லாரும் சுகம்.

என் அண்ணன் வீட்டிலிருந்து வலைக்குக் கட்டுகிற பிளாஸ்டிக் மிதவைகள் வாங்கி வந்து, பச்சையில் பத்து, சிவப்பில் பத்து என்று சரம் கட்டினேன். காசிமேட்டு மூளைதான், மன்னியுங்கள். நேற்று ஜஹானாரா அக்கா கடையில் முட்டை அட்டையை வைத்து, எத்தனை இருக்கு என்று கேட்டார்கள். கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டான். "ரெண்டு பத்து. அப்பால நாலு," என்றான். "இன்னா நைனா, கரீட்டா சொல்லிட்டே," என்று அவர்கள் ஒரு கமர்கட்டு கொடுத்தார்கள். சந்தோஷத்தில் எனக்குச் சாமான் வாங்க வந்ததே மறந்துவிட்டது.

உங்கள் வழி வேலை செய்தது. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இன்று காலை அந்த விடுதியிலிருந்து சிஸ்டர் ஒருவர் போன் செய்து, பிள்ளையை என்றைக்கு அழைத்து வருகிறீர்கள் என்று கேட்கிறார். அப்படியென்றால் நீங்கள் இன்னும் இடத்தை விடவில்லை. எண்ணினாலும் போகவேண்டும், எண்ணாவிட்டாலும் போகவேண்டும் என்றால் என்னை எதற்கு நாலு மாதம் அலைய விட்டீர்கள்? உங்களுக்கு ஜெரியைப் பற்றிக் கவலையில்லை, ஜெயிக்கவேண்டும், அவ்வளவுதான். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் மார்க் போட்டு வாழ்ந்தவர் நீங்கள். பெற்றிருந்தால் தெரிந்திருக்கும், ஒரு பிள்ளையைப் பெட்டி கட்டி அனுப்புவது என்றால் என்ன என்று.

ஜானட்

*

திண்டுக்கல்,
14 மே 2025

ஜானட்டுக்கு,

எனக்குப் பிள்ளையில்லை என்று எழுதியிருந்தாய். அது எனக்குத் தெரிந்த செய்திதான், நீ தபால் செலவு செய்திருக்க வேண்டாம். படித்துவிட்டு உன்னை வெறுத்தேன். பதில் எழுதவே கூடாது என்று இருந்தேன். நேற்றுத்தான் கோபம் போக வேண்டிய இடம் நீ இல்லை என்று புரிந்தது.

விடுதியில் சேர்க்கவேண்டும் என்று முதலில் சொன்னது நான் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஜார்ஜ் எனக்குப் போன் செய்தான். அவன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன். "அக்கா, இவன எங்கியாவது சேத்துடு. வேல செய்ற எடத்துல கேக்குறானுங்க, இன்னா ஜார்ஜூ, உம்புள்ள இன்னும் ரெண்டாவதுதானான்னு. கோயிலுக்கு இட்டுகினு போவ முடில. மானம் போவுது." தன் பெயர் வெளியே வரவேண்டாம், நீயே சொன்ன மாதிரி சொல்லு என்றான். அம்மா செத்தபோது அவனுக்கு நாலு வயது. நான்தான் வளர்த்தேன். கேட்டதைச் செய்தே பழகிவிட்டது.

உன் ஏப்ரல் கடிதம் வந்த பிறகு போன் செய்து, பிள்ளை எண்ணுகிறான், போதும் விடு என்றேன். "எண்ணி இன்னா ஆவப்போவுது, நீ சேத்துடுக்கா," என்றான். அதன் பிறகு தினமும் அதையே கேட்டான். உன் வீட்டில் உட்கார்ந்து உன் கையால் டீ குடித்துக்கொண்டு என்னைப் பேச விட்டிருக்கிறான்.

நேற்று சிஸ்டர்களிடம் இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் கெட்டிக்காரத்தனத்துக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. என் பணிக்காலம் முழுவதும் பிள்ளையை விடுதியில் சேர்க்கப் பெற்றோர் ஆயிரம் காரணம் சொல்லக் கேட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது என்பதை ஒரு காரணமாக நான் ஒருவரிடமும் ஏற்றுக்கொண்டதில்லை. என் தம்பி என்றால் மட்டும் ஏற்றுக்கொண்டேன்.

வியாகுலம்மாள்

*

ராயபுரம்,
19 மே 2025

அண்ணிக்கு,

கடிதத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். படித்தார். "அக்கா சொல்லிட்சா" என்றார். அவ்வளவுதான். இல்லை என்று சொல்வார் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தேன். பிள்ளைமேல் உயிர் என்று உங்களுக்கு எழுதிய கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கத்தவில்லை. ஜெரி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "மானம் போவுதுன்னா நீ போ. புள்ள இங்கதான் இருக்கும்," என்றேன்.

அவரை இந்த வருஷத்து லீவுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை ரயிலில் வருகிறார். ஒரு பிள்ளையை அனுப்பச் சொல்லி ஜனவரியிலிருந்து கேட்டீர்கள், அனுப்புகிறேன். உங்கள் பிள்ளை. பெற்றால்தான் தெரியும் என்று நான் எழுதியது தப்பு. நாலு வயதிலிருந்து வளர்த்திருக்கிறீர்கள், எங்கே விட்டுப்போனது என்று உங்களுக்குத்தான் தெரியும். அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

சீக்கிரம் கற்றுக்கொள்ளும் ஆள் இல்லை. நான் பழகிவிட்டேன், நீங்களும் பொறுமையாக இருங்கள்.

ஜானட்

*

திண்டுக்கல்,
28 மே 2025

இயேசு மரி சூசை துணை.

ஜானட்டுக்கு, சுகம். ஜெரியும் நீயும் சுகமா?

ஜார்ஜ் வந்து சேர்ந்தான். முதல் இரண்டு நாள் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் நீ எனக்கு எழுதிய கடிதங்களையெல்லாம் கையில் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னேன். பட்டனை முத்தமிட்ட இடத்தில் வாசிப்பதை நிறுத்தினான். அழுதான். அழுகைக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை, மேலே படி என்றேன்.

எதிர்வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறது, ஜெரி மாதிரி. அதன் அப்பன் பஸ் ஸ்டாண்டில் பழம் விற்கிறவன். தினமும் அதைச் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துக் கடைக்குக் கூட்டிப்போகிறான், ஊரே பார்க்க. ஜார்ஜை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, பார் என்றேன். பார்க்கிறான். வேறு பாடம் நான் நடத்தவில்லை.

நேற்று ஒன்று கேட்டான். "ஜெரி என்னத் தேடறானாக்கா?" தெரியாததற்குப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. நீ எழுது. உள்ளது எதுவோ அதை எழுது, அவன் மனசு நோகுமே என்று பார்க்காதே.

வியாகுலம்மாள்

*

ராயபுரம்,
3 ஜூன் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம். நேற்று பள்ளிக்கூடம் திறந்தார்கள். ஜெரி மூன்றாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தான். முதல் பெஞ்சுக்காக நான் நாளைக்குப் போய் ஒரு சண்டை போடவேண்டும்.

உங்கள் தம்பி கேட்டதற்குப் பதில். நான் தேடவில்லை. வீடு பெரிதாக இருக்கிறது, டிவி சத்தமில்லை. அதை முதலில் சொல்லுங்கள்.

ஜெரி தேடுகிறான். வேலை விட்டு வருகிற நேரம் ஆனால் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவருடையது மாதிரி நீல யூனிஃபார்மில் யார் வந்தாலும் வெளியே ஓடுகிறான், முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறான். ஜஹானாரா அக்கா கமர்கட்டு காட்டிக் கூப்பிட்டாலும் நகர்வதில்லை. "அப்பா லேட்டாவுது, டீ ஆறிடும்மா," என்று என்னிடம் கோபித்துக்கொள்கிறான்.

தன்னை வேண்டாமென்றது யார் என்று தெரிந்துகொள்ள ஒரு புத்தி வேண்டும். அது அவனுக்கு இல்லை. இந்த ஒன்றை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். அவரிடம் மட்டும் சொல்லுங்கள், அவன் தேடுவது அதனால்தான் என்று.

லீவு முடிவதற்கு முன்னால் அவரை ஒரு ரயிலில் ஏற்றிவிடுங்கள். நான் வர மாட்டேன். ஜெரி என் அண்ணனோடு எழும்பூர் ஸ்டேஷனுக்கு வருவான்.

உங்கள் அன்புள்ள,
ஜானட்